ஊதாவும் ஓகேயும்

உயிரே போனாலும் சரி, தன் வீட்டில் ஒரு சுவருக்கும் பச்சை அடிக்க விடுவதில்லை என்று அருள்செல்வன் சபதம் எடுத்திருந்தான். காரணம், அவன் மனைவியின் அண்ணன் நஞ்சப்பன். பெருமாநல்லூரில் அவர் வீடு வாசல் முதல் மொட்டைமாடி வரை பச்சை. போகிறபோதெல்லாம், "நம்ம கலரையே அடிச்சுருங்க மாப்ளை" என்று உபதேசம் வேறு. மாடியில் கட்டிய புது ரூமில் ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள். அவரும் வருகிறார். ரூமுக்குத் தான் அடிக்கப்போகிற நீலத்தைப் பார்த்து மனுஷன் வாயடைத்து நிற்க வேண்டும். நினைக்கும்போதே அருள்செல்வனுக்குக் குளுகுளுவென்றிருந்தது.

நாகஜோதிக்கோ அண்ணன் வீட்டுப் பச்சைதான் வேண்டும்.

"உங்க நீலமும் அந்தப் பச்சையும் பாக்கறதுக்கு ஒண்ணாட்டத்தானுங்க இருக்குது. உங்களால பிரிச்சுச் சொல்ல முடியுமாக்கும்?"

யாரிடம் கேட்கிறாள்? சாயப்பட்டறையில் ஷேடு பார்க்கிறவனிடம். அவன் ஓகே சொல்லாமல் ஒரு முழம் பனியன் துணி வெளியே போகாது. ரோஷம் தலைக்கேறியது.

"ரெண்டையும் செவுத்துல அடிச்சு வை புள்ள. நான் எதுல ஓகே எழுதறனோ, அதுதான் ரூம் முழுக்க."

"எழுதுனா மாத்தப்படாதுங்க."

"கம்பெனில மாத்துவனா?"

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வருவதற்குள் இருட்டிவிட்டது. நாகஜோதி வாங்கி வைத்திருந்த புது ட்யூப்லைட்டை அவனே ஏணி போட்டு மாட்டினான். வெளிச்சம் லேசாக நீலம் பாய்ந்து குளுமையாக இருந்தது. சுவரில் பக்கம் பக்கமாக இரண்டு கட்டம். தலையைச் சாய்த்துப் பார்த்தான். ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான்.

"இடப்பக்கம் நீலமே இல்ல. இது ஊதா."

"சும்மா ஊதாதீங்க."

"ஊதாவேதான். வலப்பக்கம்தான் அசல் நீலம். என்னையவே ஏமாத்தப் பாக்கற பாரு."

வலப்பக்கக் கட்டத்தில் பென்சிலால் 'ஓகே' எழுதிக் கையெழுத்தும் போட்டான். நாகஜோதியின் முகம் தொங்கிப்போனது. பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை அவன் பட்டறையில் இருந்தபோதே பெயின்டர் வேலையை முடித்துவிட்டார். இருட்டியபின் வந்து லைட்டைப் போட்டால் ரூம் முழுக்க நீலம். அருள்செல்வனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஞாயிறு காலை நஞ்சப்பன் வந்ததும் வராததுமாக அருள்செல்வன் அவர் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போய், ஜன்னலை விரியத் திறந்தான். வெயில் உள்ளே வந்தது. நாலு சுவரும் பச்சைப்பசேலென்று இருந்தன.

"அட, நம்மூட்டுக் கலரு" என்றார் நஞ்சப்பன், கண் கலங்கி.

நாகஜோதி பால் டம்ளரைப் புருஷன் கையில் கொடுத்தாள்.

"கல்யாணம் ஆனதுலருந்து நீங்க சொல்றதுதானுங்களே. வெயில்ல ஒருக்கா பாக்காம, வெறும் ட்யூப்லைட்ல ஓகே சொல்றவன் ஷேடு பாக்கவே லாயக்கில்லைன்னு."