பானகமும் என் மரண வாக்குமூலமும்

சாகப் போகிறவன் வாயைத் திறக்கக் கூடாது. திறந்து நாலு வார்த்தை பேசிவிட்டால், பேசின மரியாதைக்காவது செத்துப் போய்விட வேண்டும். எல்லோரையும் சுற்றி நிற்க வைத்துக் கடைசி வார்த்தை சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்து ‘மோர்சாதம் இருக்கா?’ என்று கேட்கிறவனுக்கு நேருகிற அவமானம் இருக்கிறதே, அதை முழுசாக அனுபவித்தவன் நான்.

நடந்தது எழுபதுகளில். கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்திருந்த ஓர் இரும்புத் தொழிற்சாலையில் நான் ஸ்டோர் கீப்பர். புதுவாயலில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். விடுமுறைக்கு மட்டும் திருவள்ளூரில் வீட்டுக்கு வருவேன். வீட்டில் அப்பாவும் என் மனைவி பத்மாவும். அம்மா காலமாகிவிட்டிருந்தாள். அப்பா பெருமாள் கோயிலில் கைங்கரியம் செய்பவர். ஆசாரத்தில் அப்பாவை அசைக்கப் பெருமாளாலேயே முடியாது என்று கோயில் மடப்பள்ளியில் பேசிக்கொள்வார்கள்.

எனக்கு வயிற்றில் புண். அந்தப் புண்ணுக்கு ஒரு விசேஷம், காலி வயிற்றில் வலிக்கும், எதையாவது தின்றால் அடங்கும். ஆகவே தின்றேன். ஷிஃப்டுக்கு முன்னால் தின்றேன், ஷிஃப்டு முடிந்து தின்றேன், நடுவில் வலிக்கப் போகிறதோ என்ற சந்தேகம் வந்தாலும் தின்றேன். (புதுவாயல் ஜங்ஷனில் இட்லிக் கடைக்காரர் இரண்டாவது அடுப்புப் போட்டது என்னை நம்பித்தான்.) வயிற்றுப் புண் வந்தால் ஊரில் எல்லோரும் இளைப்பார்கள். நான் நாளொரு சுற்றாகப் பெருத்தேன். ஒருநாள் ஸ்டோரில் போல்ட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன் ரத்தமாக வாந்தி எடுத்துச் சாய்ந்தேன். அத்தனை கனத்தையும் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, சாலையில் வந்த லாரியை மறித்து என்னைச் சென்னை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தவன் முனிரத்தினம். எங்கள் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஊத்துக்கோட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன்.

ஆஸ்பத்திரியில் என் வயிற்றில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டார்கள். “மிச்சம் இருக்கிறதைக் குடலோட சேர்த்துத் தைச்சிருக்கு” என்றார் டாக்டர். அதற்குப் பிறகும் அவர் நிறையப் பேசினார். ஆனால் ‘தைச்சிருக்கு’ என்ற வார்த்தையிலேயே என் காது நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்த தையல் எங்கள் தெருத் தையல்காரர் போடுகிற தையல்தான். என் கல்யாணத்துக்கு அவர் தைத்த சட்டை, நான் கையைத் தூக்கிப் பெரியவர்களைக் கும்பிட்டபோதே அக்குளில் பிரிந்தது. டாக்டர் சொன்ன மிச்சத்தையெல்லாம் பக்கத்தில் நின்ற பத்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் பட்ட பயத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. தும்மல் வந்தால் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொள்வேன். யாராவது சிரிப்பு மூட்டினால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். இருமலை விழுங்கப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரும். சில சமயம் உள்ளே ‘களுக்’ என்று ஒரு சத்தம் கேட்கும்.

“பத்மா, இங்க வா. காதை வெச்சுக் கேளு. நூல் அறுந்த சத்தம் மாதிரி இல்லே?”

அவள் பாவம், வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “பசிக்கறதுன்னா உங்களுக்கு” என்பாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கண்டம் தண்ணீர் குடிப்பது. டாக்டரிடம் பத்மா கேட்டு வந்த கணக்குப்படி ஒரு அவுன்ஸ், கொஞ்சம் பொறுத்து இன்னொரு அவுன்ஸ். சாப்பாட்டோடு கூடாது. இனிப்பாக எதுவும் கூடாது. முக்கியமாக அண்ணாந்து குடிக்கக் கூடாது, காற்றும் சேர்ந்து போகும், ஒரேயடியாகவும் இறங்கிவிடும். டம்ளரில் உதட்டை வைத்துத் துளித்துளியாக உறிஞ்ச வேண்டும். இதைச் சொன்ன டாக்டர் எங்கள் வீட்டில் ஒருநாள் இருந்து பார்த்திருக்க வேண்டும்! எங்கள் வீட்டில் பிறந்த குழந்தை நிற்கக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் அண்ணாந்து குடிக்கக் கற்றுக்கொள்ளும். அதிலும் நான் பேர்போனவன். பெரிய சொம்பை ஒரு முழம் உயரத்தில் பிடித்து, தொண்டையை மூடாமல், சொட்டுச் சிந்தாமல் ஒரே தாரையாகக் காலி செய்வேன். தெருவில் எனக்குச் சொம்பு சௌரி என்றே பெயர். (பெற்றவர்கள் வைத்த பெயர் சௌரிராஜன்.)

நான் டம்ளரில் வாய் வைத்து உறிஞ்சுவதை முதல்நாளே அப்பா பார்த்துவிட்டார்.

“எச்சல் பண்ணிண்டு குடிக்கறதுக்கு எந்த டாக்டர்டா சொல்லிக் கொடுத்தான்?”

“தையல் பிரிஞ்சுடும்பா.”

“நம்மாத்துல இத்தனை தலைமுறையா அண்ணாந்துதான் குடிச்சிருக்கா. யாருக்குப் பிரிஞ்சுது?”

அவர்களுக்கெல்லாம் தைக்கவில்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பத்மாதான் வழி கண்டுபிடித்தாள். பரணில் இருந்த டிரங்குப் பெட்டியைக் குடைந்து, நான் குழந்தையாக இருந்தபோது எனக்குப் பால் புகட்டிய வெள்ளிப் பாலாடையை எடுத்து வந்தாள். அது பிடித்ததே ஒரு அவுன்ஸ்தான் இருக்கும். மூக்கு வழியாக நூல் மாதிரி ஒழுகும். உதட்டில் படாமல் ஊற்றிக்கொள்ளலாம். ஆசாரமும் பிழைத்தது, தையலும் பிழைத்தது. மீசை வைத்த மனிதன் நான், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, நாள் முழுக்கப் பாலாடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

இப்படி இருக்கும்போது ஸ்ரீராமநவமி வந்தது. எங்கள் வீட்டு வாசலில் அன்றைக்குப் பானகமும் நீர்மோரும் கொடுப்பது வழக்கம். அண்டா நிறைய வெல்லம் கரைத்து, சுக்கும் ஏலக்காயும் பொடித்துப் போட்டு, பெருமாளுக்குப் படைத்துக் கண்டருளப் பண்ணிவிட்டு, வெயிலில் வருகிற ஜனங்களுக்கு அப்பா தன் கையால் ஊற்றுவார். வாசலில் கூட்டம். நான் கூடத்தில் நாற்காலியில் பத்திரமாக உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து முனிரத்தினம் வந்தான், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு.

“இன்னா சாமி, இப்டி எளச்சிட்டீங்கோ? பாதி ஆளுகூட இல்லியே! ஸ்டோர்ல நீங்க இல்லாம ஒரே பேஜாரா கீது. எப்ப வருவீங்கோ?”

“இதோ, வர வாரமே வந்துடுவேன்” என்றேன். சும்மா சொன்னேன். எழுந்து கொல்லைக்குப் போகவே எனக்கு யோசனையாக இருந்த காலம் அது.

அப்பாவுக்கு என் பதில் காதில் விழுந்துவிட்டது. முகம் மலர்ந்து, ஒரு சொம்பு நிறையப் பானகம் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். “வர வாரம் வேலைக்குப் போறவன் பெருமாள் பிரசாதத்தை ஒதுக்கப்படாது. குடி. ஒண்ணும் பண்ணாது.”

வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “சொம்பு சௌரி எழுந்துட்டாண்டா!” என்று யாரோ குரல் கொடுத்தார்கள். முனிரத்தினம் ஒரு டம்ளர் நீர்மோரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சமையலறை வாசலில் பத்மா. கையில் பாலாடை. அதை என் பக்கம் ஆட்டி ஆட்டிக் காட்டி, ‘வேண்டாம்’ என்று தலையையும் ஆட்டினாள்.

இத்தனை பேருக்கு நடுவில் பாலாடையா? நான் அவளைப் பார்க்காதவன் மாதிரி திரும்பிக்கொண்டேன். சொம்பை வாங்கினேன். பழைய உயரத்துக்குத் தூக்கினேன். ஒரே தாரை. வாசலில் “சபாஷ்” என்றார்கள். அந்தச் சபாஷுக்கு ஆசைப்பட்டு அடி வரைக்கும் போனேன்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. தொழிற்சாலையை நான்தான் தூக்கி நிறுத்தினேன் என்கிற மாதிரி முனிரத்தினத்திடம் ஏதோ அளந்துகொண்டிருந்தேன். திடீரென்று வயிற்றுக்குள் கொதித்தது. குடல் முழுக்க யாரோ ஓடினார்கள். நெஞ்சு தறி மாதிரி அடித்துக்கொண்டது. தலையிலிருந்து வேர்வை ஊற்றி வேஷ்டி நனைந்தது. கண்ணில் கூடம் இருட்டிக்கொண்டு வந்தது.

“பிரிஞ்சுடுத்து!” என்று அலறினேன்.

“என்னடா பிரிஞ்சுடுத்து?” என்றார் அப்பா.

“தையல்!”

அப்பா திரும்ப வாங்கி வைத்திருந்த காலிச் சொம்பு தரையில் உருண்டது. தூணைப் பிடித்துக்கொண்டு பெருமாள் திருநாமம் சொல்ல ஆரம்பித்தார். அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அன்றைக்குத்தான். அதைக் கேட்டதும் எனக்கு நிச்சயமாகிவிட்டது. ஆண்கள் இருக்கிற கூடத்துக்கு வராத பத்மா ஓடி வந்து என் தோளைப் பிடித்து அழுத்தித் தரையில் சாய்த்தாள்.

“ஏன்னா, படுத்துக்கோங்கோ. பேசாம படுத்துக்கோங்கோ!”

துக்கத்தில் அரற்றுகிறாள் என்று நினைத்தேன். அந்த நிமிஷம் எனக்கு என்னைப் பற்றிய பயம் போய், அவளைப் பற்றிய பயம் வந்தது. இதே வீட்டில்தான் என் அத்தை இருந்தாள். சின்ன வயசில் கணவனை இழந்து, தலையை மழித்து, பின்கட்டிலேயே காலம் முழுக்க இருந்து செத்துப்போனாள். ஒரு கல்யாணத்துக்கும் அவளை முன்னால் வரவிட்டதில்லை. பத்மாவும் அந்தப் பின்கட்டுக்குப் போய்விடுவாள். அதை நினைத்தபோது வயிற்றைவிட நெஞ்சு வலித்தது. எழுந்து உட்கார்ந்தேன்.

“அப்பா, இதுதான் என் கடைசி வார்த்தை. பத்மாவை அத்தை மாதிரி மூலையில உட்கார வெச்சுடாதேள்.”

“படுங்கோன்னா!”

படுத்தேன். மறுபடி எழுந்தேன். “அவளுக்கு வேற கல்யாணம் பண்ணி வெச்சுடுங்கோ!”

வாசலில் பானகம் குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரும் கையுமாகக் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தார்கள். அப்பாவின் திருநாமம் பாதியில் நின்றது. இதோடு நான் படுத்திருக்கலாம். ஆனால் நான் ஸ்டோர் கீப்பர். சாமான் வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதாது, எங்கே கிடைக்கும் என்றும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் காரியம் நடக்காது. சுற்றிலும் பார்த்தேன்.

“இதோ, முனிரத்தினமே இருக்கான். தங்கமான பையன். இன்னும் கல்யாணம் ஆகலே. கல்லைத் தின்னாலும் செரிக்கற வயிறு!”

குலம், கோத்திரம், நட்சத்திரம் என்று ஒன்றையும் பார்க்காமல் நடந்த அந்த நிச்சயதார்த்தத்தில், மாப்பிள்ளையின் கையிலிருந்த நீர்மோர் அப்படியே அவன் சட்டையில் கொட்டியது.

“சாமி! இன்னா பேச்சு பேசிக்கினு கீறீங்கோ! அம்மா எனக்கு அக்கா மாதிரி! எங்க நைனா காதுல வுழுந்தா தோலை உரிச்சிடுவாரு!” என்று கையெடுத்துக் கும்பிட்டான். பிறகு, “நான் போயி வண்டி இட்டாறேன், ஆஸ்பத்திரிக்குப் போலாம்” என்று பாய்ந்து ஓடினான். வண்டி பிடிக்க ஓடினானா, எங்கள் வீட்டை விட்டுத் தப்பிக்க ஓடினானா என்று இன்றுவரை தெரியாது.

நான் கண்ணை மூடிக்கொண்டு சாகக் காத்திருந்தேன். காத்திருக்கக் காத்திருக்க, படபடப்பு குறைந்தது. வேர்வை அடங்கியது. கண்ணைத் திறந்தால் கூடம் பளிச்சென்று இருந்தது. நன்றாகப் பசித்தது. அப்போதுதான் மோர்சாதம் கேட்டேன்.

முனிரத்தினம் குதிரை வண்டியோடு திரும்பி வந்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவன் உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே, “சாமி எய்ந்துட்டாரா?” என்று விசாரித்து, “எய்ந்துட்டாரு” என்றதும் வண்டியிலேயே ஏறிப் போய்விட்டான்.

அப்பா கீழே உருண்ட சொம்பை எடுத்து அலம்பி வைத்தார். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். “பானகத்தை நான்தான் கொடுத்தேன்” என்றார். “இனிமே உதட்டை வெச்சே குடி. டம்ளரைத் தனியா அலம்பிக்கலாம்” என்று சொல்லிவிட்டு எழுந்து கோயிலுக்குப் போய்விட்டார்.

 பத்மாவுக்கு விஷயம் முன்பே தெரியும். தித்திப்பாக எதையாவது மடமடவென்று குடித்தால் இப்படித்தான் படபடத்து வரும், படுத்துக்கொண்டால் தானாகப் போய்விடும் என்று டாக்டர் அன்றைக்கே சொல்லியிருந்தாராம். (நான் தையல்காரரை நினைத்துக்கொண்டிருந்தபோது.) தெரிந்திருந்தும், நேரில் பார்த்தபோது அவளும் பயந்துதான் ஓடி வந்திருக்கிறாள். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“எனக்கு ரெண்டாம் கல்யாணத்துக்கு ஆளைக்கூடப் பாத்து வெச்சேளே. நீங்க சாகறதுக்கு என்னை ஒரு வார்த்தை கேட்டேளா?”

சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான். 

முனிரத்தினம் அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரேயொரு காரியமாக. தன் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து, என்னை விட்டுவிட்டுப் பத்மாவின் கையில் கொடுத்து, “எனக்கு நிச்சயம் ஆயிப்போச்சுன்னு சாமியாண்ட நல்லா சொல்லி வைம்மா” என்றான். அந்தக் கல்யாணத்தில் என்னை மேடைக்குப் பக்கத்திலேயே விடவில்லை. அவன் பேரன்கள்கூட இன்று என்னைப் பார்த்தால், “தாத்தாவுக்குப் பொண்ணு பாத்தவரு” என்றுதான் சொல்கிறார்கள்.

போன வருஷம் எனக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். சின்ன ஆபரேஷன்தான். ஆனால் பச்சை அங்கியை மாட்டித் தள்ளுவண்டியில் படுக்க வைத்ததும் என் கை தானாக வயிற்றைப் பிடித்துக்கொண்டது. பத்மா கூடவே நடந்து வந்தாள். கதவுக்கு முன்னால் வண்டி நின்றபோது என் காதருகே குனிந்தாள்.

“இந்தத் தடவை யாரைப் பாத்து வெச்சிருக்கேள்?”

“யாரும் இல்லேடி. எல்லாருக்கும் கல்யாணம் ஆயிடுத்து.”

“அப்போ ஒழுங்கா ஆத்துக்கு வந்து சேருங்கோ” என்றாள்.