மாப்பிள்ளைக்கு வேறு கூரை

மாப்பிள்ளை சுஜீத் காம்பர் வானின் கூரைத் துவாரத்தால் இடுப்பு வரை வெளியே வந்து, திறந்த லாப்டொப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றான். கீழே, பின்வளவுப் புல்லில், வருங்கால மாமனார் தில்லையம்பலம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

“தம்பி, இப்ப வருதோ?”

“ஒரு கோடு வருது மாமா. கையைக் கீழ இறக்கினாப் போயிடுது.”

“அப்ப இறக்காதேங்கோ.”

“இறக்காமல் எப்பிடி மாமா டைப் பண்ணுறது?”

அது நியாயமான கேள்விதான். தில்லையம்பலம் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். வைஃபை என்ற சொல் அந்த வீட்டுக்குள் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அது சுவரைத் தாண்டும் என்று சொல்லித்தான் விற்றார்கள். எத்தனை சுவர் என்று அவர் கேட்கவில்லை.

லண்டனில் கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் அந்த வீட்டில் மாப்பிள்ளைக்குப் படுக்க இடம் இல்லாமல் இல்லை. கலியாணத்துக்கு இன்னும் ஒரு கிழமை. சுஜீத்தின் தாயும் தகப்பனும் நோர்வேயிலிருந்து வந்து முன்னறையில் தங்கியிருந்தார்கள். சம்பந்தி வீட்டாரை ஹோட்டலுக்கு அனுப்பும் வழக்கம் தில்லையம்பலத்தின் குடும்பத்தில் கிடையாது. அதேபோல, தாலி ஏறமுன்னம் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் படுத்தெழும்பும் வழக்கமும் கிடையாது. மாப்பிள்ளையை மட்டும் ஹோட்டலில் விட்டால் சனம் ஒரு கதை சொல்லும். உள்ளே விட்டால் அதைவிடப் பெரிய கதை சொல்லும். இந்த இரண்டு கதைகளுக்கும் நடுவில்தான் காம்பர் வான் வந்து நின்றது.

வான் அவருடைய நண்பர் செபமாலைமுத்துவினுடையது. வருடம் தவறாமல் குடும்பத்தோடு மாதா திருவிழாவுக்குப் போகிற வான். பின் ஒழுங்கையால் கொண்டு வந்து, வேலிப் பலகை இரண்டைக் கழற்றி, வளவின் கடைசியில் விட்டிருந்தார்கள். உள்ளே கட்டில், அடுப்பு, கைகழுவும் தொட்டி எல்லாம் இருந்தன. முன் கண்ணாடிக்குக் கீழே மாதா படம் ஒன்று ஒட்டியிருந்தது. தில்லையம்பலத்தின் மனைவி செல்வமலர் அதற்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையாரையும் ஒட்டிவிட்டு, “ரெண்டு பேருமாப் பொடியனைப் பாத்துக்கொள்ளட்டும்” என்றாள்.

ஆனால் இன்டர்நெட் கொடுக்கும் பொறுப்பை எந்தத் தெய்வமும் ஏற்றிருக்கவில்லை. சுஜீத்துக்குக் கொவென்ட்ரியில் ஒரு வங்கியின் கொம்பியூட்டர் பகுதியில் வேலை. கலியாண லீவு நாளைக்குத்தான் தொடங்குகிறது. இன்றைக்குப் பின்னேரம் தொடங்கி இரவிரவாக ஒரு பெரிய வேலை இருந்தது. இருந்த இடத்தில் இருந்து செய்யலாம், இன்டர்நெட் மட்டும் வேண்டும்.

“உதுக்கேன் இவ்வளவு பாடு?” என்றாள் பின்படியில் தேத்தண்ணியோடு நின்ற சம்பந்தியம்மா. “உள்ளுக்க வந்து ஹோலில இருந்து செய்யட்டன். களைச்சா அந்தச் சோபாவில சாஞ்சு படுக்கட்டும்.”

தில்லையம்பலத்தின் முதுகு நிமிர்ந்தது. “வேண்டாம் சம்பந்தி. இன்டர்நெட் மாப்பிள்ளையிட்டப் போகும். மாப்பிள்ளை இன்டர்நெட்டிட்ட வரத் தேவையில்லை.”

அவர் கவுன்சிலில் இருபது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எதையும் முறைப்படி செய்பவர். ரவுட்டர் முன்வாசலில், டெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்தது. அது அங்கே இருந்தால் வளவுக்கு எட்டாது. பின்பக்கம் கொண்டு போனால் எட்டும். ஒரு நீண்ட டெலிபோன் வயரை வாங்கி வந்து, படிக்கட்டால் மேலே இழுத்து, பின்னறை யன்னல் கட்டின்மேல் ரவுட்டரை வைத்தார்.

“நாலு கோடும் வந்திட்டுது மாமா!” என்று வானிலிருந்து சத்தம் கேட்டது.

தில்லையம்பலம் வெற்றியோடு கீழே இறங்கி, தானும் ஒருமுறை பார்ப்போம் என்று வானுக்குள் ஏறி, மாப்பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்தார். நாலு கோடும் இருந்தன. அவற்றுக்கு மேலே, வான் யன்னலுக்கு நேரே, வீட்டின் பின்னறை யன்னல் தெரிந்தது. திரை விலகியிருந்தது. உள்ளே மகள் தர்ஷினி சீப்பால் தலையிழுத்துக்கொண்டு நின்றாள்.

பின்னறை மகளுடையது என்பதை அவர் வயர் இழுக்கும் அவசரத்தில் யோசிக்கவில்லை.

“தம்பி, நீங்கள் ஸ்கிரீனைப் பாருங்கோ” என்று சொல்லிவிட்டு இறங்கினார். குசினிக்குள் போய், செல்வமலர் மீன் சுடுவதற்கு வைத்திருந்த வெள்ளித்தாள் சுருளை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார். யன்னல் கண்ணாடி முழுவதையும் மூலை விடாமல் மூடி ஒட்டினார்.

“அப்பா, எனக்கு வெளிச்சம் வேணும்” என்றாள் தர்ஷினி.

“ஒரு கிழமைதானே பிள்ளை. லைட்டைப் போடு.”

கீழே இறங்கி வந்தபோது சுஜீத் மறுபடியும் கூரைத் துவாரத்தால் வெளியே நின்றான். இம்முறை ஒரு கோடும் இல்லை.

இதற்குமேல் தாமதிக்கக் கூடாது என்று தில்லையம்பலம் பாலேந்திராவைக் கூப்பிட்டார். பாலேந்திரா பக்கத்து டூட்டிங்கில் போன் கடை வைத்திருப்பவன். கெட்டிக்காரன். நாவுக்கு மட்டும் பிரேக் இல்லை. வந்தவன் யன்னலைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“அண்ணை, வெள்ளித்தாளால மூடினால் சிக்னலும் குமர்ப்பிள்ளை மாதிரி உள்ளுக்கதான் இருக்கும். வெளியில வராது.”

“அளந்து கதை. வேற வழி என்ன?”

“ரவுட்டரைக் குசினி யன்னலுக்குக் கொண்டு வாருங்கோ. ஒரு இரும்புச் சல்லடை தாங்கோ. பின்னால நிமித்தி வைச்சால் சிக்னலை ஒரு பக்கமாத் தள்ளிவிடும்.”

குசினியில் செல்வமலர் பயத்தம் பணியாரத்துக்கு மா அரித்துக்கொண்டிருந்தாள். கலியாணப் பலகாரம். தில்லையம்பலம் அரிதட்டை அவள் கையிலிருந்து எடுத்தார்.

“இஞ்சருங்கோ, மா பாதி அரிச்சபடி கிடக்கு!”

“குடும்ப மானம் பாதி கிடக்கு. கொஞ்சம் பொறும்.”

அரிதட்டு நிமிர்ந்து நின்றது. பாலேந்திரா சொன்னது உண்மைதான். சிக்னல் ஒரு பக்கமாகத்தான் போனது. அந்தப் பக்கம் வான் நின்ற பக்கமல்ல. அப்பிள் மரத்துக்கும் தண்ணீர்ப் பீப்பாவுக்கும் நடுவில், ஒரு ஆள் நிற்கக்கூடிய இடத்தில் மட்டும் நாலு கோடும் பளிச்சென்று வந்தன. சுஜீத் அங்கே ஒரு கதிரையைப் போட்டு இருந்தான். மழை தூறத் தொடங்கியது. சம்பந்தியம்மா குடையோடு போய் மகனுக்குப் பக்கத்தில் நின்றாள். மழைக்குள் குடை பிடித்து நிற்கும் சம்பந்தியைப் பார்க்கத் தில்லையம்பலத்தால் முடியவில்லை.

“மாப்பிள்ளை வீட்டுக்கு வரக்கூடாது எண்டுதானே சொன்னனான்” என்றார். “வான் வரலாம்தானே?”

வானை அவரே ஓட்டினார். பாலேந்திரா பின்னால் நின்று கைகாட்டினான். “வரட்டும்... வரட்டும்... இன்னும் வரட்டும்...” வான் செல்வமலரின் மிளகாய்க் கன்றுச் சட்டிகள் மூன்றின்மேல் ஏறி, குசினிச் சுவரில் தோளை உரசிக்கொண்டு நின்றது. குசினிக் கதவு அதற்குப் பின்னால் அகப்பட்டது.

“என்ர மிளகாய்க் கண்டு!” என்று உள்ளேயிருந்து செல்வமலரின் சத்தம் வந்தது. பிறகு, “கதவு திறபடுதில்லை!” பிறகு சத்தமே இல்லை. முப்பது வருடக் குடித்தனத்தில் அவர் பயந்தது அந்த மூன்றாவதுக்குத்தான்.

இறங்கி நின்று பார்த்தபோது வேறொன்றும் கண்ணில் பட்டது. வானின் கூரை நேராக மகளின் யன்னலுக்குக் கீழே இருந்தது. யன்னலைத் திறந்து கால் வைத்தால் கூரை. கூரையில் துவாரம். துவாரத்துக்குள் மாப்பிள்ளை.

“கூரை வேற வேறதான் அண்ணை” என்றான் பாலேந்திரா. “ஏணி மட்டும் பொது.”

“வாயை மூடு. பின்னுக்கு எடுப்பம்.”

பின்னுக்கு எடுக்க முடியவில்லை. ஈரப் புல்லில் சில்லு சுற்றியது. சேறு பறந்து, தோய்த்துக் காயப்போட்டிருந்த வேட்டியில் பூப்போட்டது. வான் ஒரு அங்குலம் புதைந்ததே தவிர அசையவில்லை. செபமாலைமுத்துவைக் கூப்பிட்டால் நாளைக்குத்தான் இழுக்கும் வாகனத்தோடு வரமுடியும் என்றார்.

இவ்வளவுக்கும் பிறகு சுஜீத் வானுக்குள்ளிருந்து மெல்லிய குரலில் சொன்னான்: “மாமா, இப்பவும் ஒரு கோடுதான்.”

பாலேந்திரா வானின் பக்கத்தைத் தட்டிப் பார்த்தான். டங் என்றது. “இந்தப் பக்கம் யன்னல் இல்லை, முழுக்கத் தகரம். வெளியில எவ்வளவு வைஃபை நிண்டாலும் உள்ளுக்கப் போகாது. டெலிபோன் வயர் குசினியோட முடிஞ்சுது, லாப்டொப்பில வயர் குத்துற இடமும் உடைஞ்சு கிடக்கு. வேற வயர் ஒண்டை யன்னலால விட்டு, வானுக்குள்ளயே இன்னொரு ரவுட்டர் வைச்சால்தான் சரி. என்ர கடையில இப்ப கையிருப்பில இல்லை. நாளைக்கு வரும்.”

“நாளைக்கு லீவு தொடங்குது. வேலை இண்டைக்குத்தானே!” என்றார் தில்லையம்பலம்.

சம்பந்தியம்மா பெருமூச்சு விட்டாள். “பரவாயில்லை விடுங்கோ. பிள்ளை ஹோலுக்கே வரட்டும்.”

அந்தச் சோபா தில்லையம்பலத்தின் கண்முன் வந்தது. காலையில் பால் போட வருபவர்கள், பத்திரிகை கொடுக்க வருபவர்கள், கலியாண வேலைக்கு வரும் உறவுக்காரர்கள், எல்லோரும் வாசலில் நின்று ஹோலை எட்டிப் பார்ப்பதும் வந்தது. தில்லையம்பலத்தின் வீட்டில் மாப்பிள்ளை கலியாணத்துக்கு முன்னமே குடிவந்துவிட்டார் என்ற செய்தி லண்டனின் மற்றக் கரையிலுள்ள குட்மேய்ஸ் வரைக்கும் போக ஒரு டெலிபோன் போதும்.

அப்போதுதான் நினைவு வந்தது. தர்ஷினி பேர்மிங்ஹாம் வேலையை விட்டு வந்தபோது கொண்டுவந்த பெட்டிகளில் ஒரு ரவுட்டர் இருந்ததை அவரே கண்டிருந்தார்.

ஒழுங்கையைச் சுற்றி முன்வாசலால் உள்ளே போய், மேலே ஏறிக் கேட்டார். வெள்ளித்தாள் யன்னலுக்குக் கீழே லைட் வெளிச்சத்தில் இருந்த தர்ஷினியின் முகம் மாறியது.

“அது பழசு அப்பா.”

“பழசெண்டால் என்ன?”

“பழுது.”

“பழசோ, பழுதோ?”

“ரெண்டும்.”

அவர் மகளை அன்போடு பார்த்தார். தாலி ஏறமுன்னம் தன்னுடைய பொருள் மாப்பிள்ளையின் கைக்குப் போகக் கூடாது என்று நினைக்கிறாள். இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளைக்கு இவ்வளவு கூச்சம் வரும்? “பரவாயில்லை பிள்ளை. அப்பா சொல்லுறன்தானே” என்று அவளுடைய பெட்டியைத் தானே திறந்து, உடுப்புகளுக்கு அடியிலிருந்து ரவுட்டரை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

மற்றவர்களோடு முன்வாசலடிக்கு வந்து நின்ற சுஜீத் அதைக் கண்டதும் கையை ஆட்டினான். “மாமா, வேண்டாம். நான் கொவென்ட்ரிக்கே போய் வேலையை முடிச்சிட்டு வாறன். ரெயில் இருக்கு.”

“பாத்தியளோ சம்பந்தி?” என்றார் தில்லையம்பலம், நெஞ்சு நிறைந்து. “பொம்பிளை வீட்டுச் சாமானைத் தொடக்கூடக் கூச்சப்படுறார். நல்ல வளர்ப்பு.”

“ஓம்” என்றாள் சம்பந்தியம்மா. “சின்னனிலயே அப்பிடித்தான்.”

குசினிக் கதவு திறக்காதபடியால் எல்லோரும் முன்வாசலால் இறங்கி, ஒழுங்கையைச் சுற்றி, சேறு மிதித்து வானடிக்கு வந்தார்கள். பாலேந்திரா குசினி யன்னலால் வயரை இழுத்து, ரவுட்டரை மாதாவுக்கும் பிள்ளையாருக்கும் நடுவில் வைத்தான். சுஜீத்தின் தகப்பன் சண்முகராசா, அதுவரை ஒரு சொல்லும் பேசாதவர், வான் கதவுக்குள் தலையை நீட்டி, “இது நல்ல ரவுட்டரோ?” என்று கேட்டார்.

தில்லையம்பலம் அதற்காகவே காத்திருந்தவர்போல் தொண்டையைச் செருமினார். “திறம் சாமான் சம்பந்தி. பேர்மிங்ஹாமில பிள்ளை தன்ர அறைக்குள்ள தனக்கெண்டு வைச்சிருந்தது. மூண்டு பொம்பிளைப் பிள்ளையள் இருந்த வீடு. ஒரு ஆம்பிளை அந்த வாசல்படியை மிதிச்சதில்லை. வீட்டுக்காரி நல்ல கண்டிப்பான மனிசி.”

ரவுட்டரில் பச்சை விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. பாலேந்திரா லாப்டொப்பை மடியில் இழுத்துக்கொண்டான்.

“நான் பாக்கிறன் அண்ணை” என்று சுஜீத் கையை நீட்டினான்.

“நீர் மாப்பிள்ளை. இரும். தங்கச்சி, பாஸ்வேட்டைச் சொல்லும்.”

வான் கதவடியில் நின்ற தர்ஷினி சேற்றைப் பார்த்தாள். சுஜீத் கூரைத் துவாரத்தைப் பார்த்தான். ஒருவரும் வாய் திறக்க முன்னமே லாப்டொப் ‘டிங்’ என்றது. நாலு கோடும் வந்து நின்றன. வங்கியின் பக்கம் தானாகத் திறந்தது.

தில்லையம்பலம் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். காலையிலிருந்து வளைந்து கிடந்த முதுகு நேரானது. யன்னலில் வெள்ளித்தாள், சட்டியில் செத்த மிளகாய்க் கன்று, வேட்டியில் சேறு, பேசாமல் இருக்கும் மனைவி, எல்லாவற்றையும் கொடுத்து ஒன்றைக் காப்பாற்றிவிட்டார். மாப்பிள்ளைக்கு வேறு கூரை, வேறு ரவுட்டர்.

“பாத்தியளோ சம்பந்தி? பாஸ்வேட் கூடக் கேக்கேல்லை! மெசினுக்கும் எங்கட வீட்டு மரியாதை விளங்குது.”

“மரியாதை இல்லை அண்ணை, பழக்கம்” என்றான் பாலேந்திரா உற்சாகமாக. “முந்தி பாஸ்வேட் அடிச்சுப் பாவிச்ச ரவுட்டரைத்தான் லாப்டொப் இப்பிடித் தானாப் பிடிக்கும், தங்கச்சியின்ர அறையில இருந்த சாமானை மாப்பிள்ளையின்ர லாப்டொப் என்ன வடிவா ஞாபகம் வைச்சிருக்கு பாருங்கோ!”