டிகாக்ஷன் மாமாவும் பாலவாக்கத்து ஒயினும்

மனிதர்களை ஜாதகம் பார்த்து எடை போடுகிறவர்கள் உண்டு. வேலை, வீடு, கார் பார்த்து எடை போடுகிறவர்களும் உண்டு. அவர்கள் வீட்டுக் காபியைக் குடித்து எடை போட்ட ஒரே மனிதர், பூலோகத்திலேயே எங்கள் மந்தைவெளி டிகாக்ஷன் மாமாதான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். எங்கள் அடுக்குமாடியில் அது யாருக்கும் தெரியாது. கூரியர்காரர்கூட "டிகாக்ஷன் சார் வீடு எது?" என்றுதான் கேட்பார்.

நான் எதிர் ஃப்ளாட்டுக்குக் குடி போன அன்று, எதிர் வீட்டுப் பெரியவராயிற்றே என்று ஒரு டம்ளர் காபி கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஓய், உமக்கு என் மேல ஏதாவது கோபமா?"

"இல்லையே மாமா."

"அப்பறம் ஏன் சிக்கரிய இப்படி அள்ளிப் போட்டிருக்கீர்?"

அதற்குப் பிறகு தினமும் காலையில் வருவார். என் காபியைக் கடைசிச் சொட்டு வரை குடிப்பார். திட்டிவிட்டுப் போவார். அவ்வளவு மோசமாக இருந்தால் ஏன் தினமும் வருகிறார் என்று என் மனைவி கேட்டாள். எனக்கும் அப்போது விளங்கவில்லை.

ஃபில்டரில் வெந்நீர் ஊற்றிவிட்டால் அவர் வீட்டில் யாரும் மிக்ஸி போடக்கூடாது, கதவை அறைந்து சாத்தக்கூடாது. டிகாக்ஷன் இறங்க நேரமானால் நாமெல்லாம் கரண்டியால் ஃபில்டர் தலையில் இரண்டு தட்டு தட்டுவோம் அல்லவா? மாமாவின் சட்டத்தில் அது கொலைக்கு அடுத்த குற்றம். ஒருமுறை அவருடைய சொந்த மச்சினரே அப்படித் தட்டிவிட்டார். அந்த மச்சினர் இப்போது புனேயில் இருக்கிறார். தட்டியதால்தான் ஊரைவிட்டுப் போனார் என்று நான் சொல்லவில்லை.

இப்படிப்பட்டவருக்கு வித்யா என்று ஒரே பெண். வந்த வரன்களை எல்லாம் மாமா காபியை வைத்தே தட்டிக் கழித்தார். ஒரு பையன் வீட்டுக்குப் போய் வந்து என்னிடம் சொன்னது இன்னும் காதில் ஒலிக்கிறது.

"பையன் தங்கம் ஓய். ஜாதகமும் அமோகம். ஆனா அந்தாத்துல முதல் டிகாக்ஷன அவா குடிச்சுட்டு, வந்தவாளுக்கு ரெண்டாம் டிகாக்ஷனக் குடுக்கறா. நாளைக்கு நம்ம பொண்ணுக்கு என்னத்தக் குடுப்பா?"

கடைசியில் வித்யாவே பார்த்துக்கொண்டாள். நந்தனத்தில் அவளோடு வேலை பார்க்கும் அருள். அவன் அப்பா சேவியர், பாலவாக்கத்துக்காரர், சொந்தமாகப் படகு வைத்திருப்பவர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். செய்தி கேட்டு மாமி சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதுவிட்டு எழுந்தார். மாமா என்ன ருத்ர தாண்டவம் ஆடப் போகிறாரோ என்று கட்டடமே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. மாமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அவாத்துல காபி எப்படி?"

பாலவாக்கத்துக்குப் போனோம். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். சேவியரின் மனைவி வாய் நிறையச் சிரிப்போடு, கொதிக்கிற பாலில் இன்ஸ்டன்ட் தூளைக் கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். மரியாதைக்காக மாமா ஒரு சொட்டு விடாமல் குடித்தார். காரில் திரும்பினோம். திருவான்மியூர் சிக்னலில் மாமா வாயைத் திறந்தார்.

"தூள்" என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் "பார்க்கலாம்" என்றார். மாமா பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். வித்யா கத்தவில்லை, கதவைச் சாத்திக்கொள்ளவும் இல்லை.

"நீ சரின்னு சொல்லாம நான் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன்ப்பா. ஆனா வேற யாரையும் பண்ணிக்கவும் மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிப் போனாள். அதன்பின் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தமே இல்லை. மாமா என் வீட்டுக் காபியைத் திட்டாமல் குடித்துவிட்டுப் போனார். எனக்குப் பயமாகிவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அருள் வந்தான். கையில் கேக், ஒரு டப்பா நிறைய குல்குல் பலகாரம், அப்புறம் துணியில் சுற்றிய பாட்டில்.

"அப்பா வூட்லயே போட்ட திராட்ச ஒயின் அங்கிள். பாட்டில் மட்டும் அப்புறமா திருப்பிக் கேட்டாரு" என்று வைத்துவிட்டு, நிற்காமல் ஓடிவிட்டான்.

மாமாவுக்குத் தர்மசங்கடம். குடித்துப் பார்க்காமல் எந்த வஸ்துவைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லக்கூடாது என்பது அவர் கொள்கை. அபிப்பிராயம் சொல்லாமல் இருக்கவும் அவரால் முடியாது. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நீர்தான் பத்திரிகையில எழுதறவராச்சே. உமக்கு இதெல்லாம் பழக்கம் இருக்குமே!"

எனக்குத் தெரிந்தது டிவியில் பார்த்ததுதான். அதைச் சொன்னால் எழுத்தாளர் என்கிற மானம் போய்விடும். "முதல்ல மோந்து பாக்கணும் மாமா. அப்புறம் லேசா சுழற்றணும்" என்றேன்.

"சுழத்தறதாவது? ஆத்தணும் ஓய்!"

டவரா டம்ளர் வந்தது. ஒயினை ஒரு முழ உயரத்துக்குத் தூக்கி ஆற்றினார். நுரைகூட வந்தது. பிறகு எச்சில் படாமல், அவர் வழக்கப்படி அண்ணாந்து வாய்க்குள் ஊற்றினார். அந்த நேரம் பார்த்து வாசனை மூக்கில் ஏறித் தும்மல் வந்துவிட்டது. வெள்ளை வேட்டி முழுக்கச் சிவப்பு. உள்ளேயிருந்து வந்த மாமி, "ஐயையோ! ஏன்னா! ரத்தம்!" என்று வீறிட்டார். கீழ் ஃப்ளாட்டு நர்ஸம்மா பஞ்சும் பேண்டேஜுமாக ஓடி வந்தார்.

கலவரம் அடங்கியதும் மாமா வேறு வேட்டி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இந்த முறை, நான் பார்த்தறிய முதல் தடவையாக, டம்ளரை உதட்டில் வைத்துக் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். வித்யா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முன்னாடி தித்திப்பு வரது. அப்பறம் ஒரு துவர்ப்பு. முழுங்கி முடிச்சாச்சுன்னு நெனைக்கறச்சே கிராம்பு மெதுவா வந்து நிக்கறது" என்றார். கண்ணைத் திறந்தார். "இத யாரும் அவசரப்பட்டுப் பண்ணலை. அவருக்குப் போனப் போடு."

வித்யா ஸ்பீக்கரில் போட்டாள். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. மாமா நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சேவியர் சார், இது ஊறிண்டிருக்கறச்சே நடுவுல ஜாடிய ஆட்டிப் பாப்பேளா? தட்டுவேளா?"

"இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க! துணி கட்டி மூடிட்டா அந்த ஜாடி கீற ரூமுக்குள்ள என் பொண்டாட்டியக்கூட உட மாட்டேன்."

"மிக்ஸி சத்தம்?"

"மிக்ஸியத் தூக்கிப் பக்கத்து வூட்ல குட்த்து வெச்சிருக்கேன் சார்!"

மாமா போனைக் கையால் பொத்திக்கொண்டு மாமியைப் பார்த்தார். "மனுஷன்டி! முகூர்த்தம் பாக்கச் சொல்லு."

வித்யா அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். நர்ஸம்மா கையிலிருந்த பஞ்சால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமி சத்தமில்லாமல் ஒரு ஸ்பூன் ஒயின் எடுத்து வாயில் விட்டுக்கொண்டு, "அடுத்த வருஷம் கொஞ்சம் பெரிய பாட்டிலாக் குடுக்கச் சொல்லுங்கோ" என்றார்.

அடுத்து, பாட்டிலைத் திருப்பி அனுப்ப வேண்டும். பிறர் வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமனே அனுப்பும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. மாமி சர்க்கரை போடலாம் என்றார். மாமா விடவில்லை. கழுவிக் காயவைத்து, முதல் டிகாக்ஷனைக் கழுத்து வரை நிரப்பி, கார்க்கை அழுத்தி, மஞ்சள் குங்குமம் வைத்துக் கொடுத்தனுப்பினார். அதை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. டிகாக்ஷனை என்ன செய்வது என்று தெரியாத மனிதர்கள் இருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலை சேவியரிடமிருந்து போன் வந்தது.

"சார், உங்க மந்தைவெளி ஒயினு சூப்பர் சார்! கசப்புதான், ஆனா செம ஸ்ட்ராங்கு. எல்லாருக்கும் ஆளுக்கொரு கிளாஸு ஊத்திக் குட்த்தேன். ஒருத்தரும் கண்ண மூடல சார். என் மச்சான் கிழிஞ்ச வலையப் பூரா ஒண்டியா தச்சு முட்ச்சிட்டான். என் பொண்டாட்டி இன்னும் அலமாரி தொடச்சுகினு கீது."

"பகவானே! பால், சக்கரை சேக்கலயா?"

"ஒயினுல யாராச்சும் பால் ஊத்துவாங்களா சார்?"

மாமா அப்போதே ஃபில்டரைப் பையில் போட்டுக்கொண்டு பாலவாக்கத்துக்குக் கிளம்பிவிட்டார். சாயங்காலம் திரும்பி வந்தவர், கண்ணாடிக் கோப்பையை எந்த இடத்தில் பிடிக்க வேண்டும், எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று எனக்குப் பாடம் நடத்தினார். சுழற்றவும் சொன்னார். அதை நான்தான் முதலில் சொன்னேன் என்பதை அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை. கல்யாணம் மண்டபத்தில் ஒரு முறை, சர்ச்சில் ஒரு முறை நடந்தது. இரண்டு இடத்திலும் பந்தி முழுக்கச் சுற்றி வந்து, யார் காபியை ஆற விட்டார்கள் என்று மாமா பார்த்துக்கொண்டே இருந்தார்.

இப்போது மாமாவும் மாமியும் பெண் வீட்டுக்குப் பக்கத்தில், பாலவாக்கத்திலேயே குடியிருக்கிறார்கள். எதிர் ஃப்ளாட்டில் வேறு யாரோ வந்திருக்கிறார்கள். நல்லவர்கள்தான். என் காபியைக் குடித்துவிட்டு "ரொம்ப நல்லா இருக்கு" என்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

போன கிறிஸ்துமஸுக்கு அருள் ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தான். மாமாவும் சேவியரும் சேர்ந்து போட்ட ஒயினாம். ஜாடி இருக்கும் அறையில் இரண்டு பேரும் ஜாடையில்தான் பேசிக்கொண்டார்களாம். மாமா சொன்ன மாதிரியே உதட்டில் வைத்து நிதானமாகக் குடித்தேன். முதலில் தித்திப்பு, அப்புறம் துவர்ப்பு, எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது கிராம்பு வந்து நின்றது.

பாட்டிலைக் கழுவி வைத்திருக்கிறேன். வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது. இந்த ஞாயிற்றுக்கிழமை நானே டிகாக்ஷன் போட்டு நிரப்பி, பாலவாக்கத்துக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். சிக்கரியைக் கொஞ்சம் தூக்கலாகவே போடப் போகிறேன். அப்போதுதான் மாமா ரொம்ப நேரம் திட்டுவார்.