பாஸான கேன்

பார்த்த மாத்திரத்தில் ஒரு பொருளின் தரத்தைச் சொல்லிவிடும் ஞானவான்கள் நூற்றாண்டுக்கு ஒருவர்தான் பிறக்கிறார்கள். இந்த நூற்றாண்டுக்குரியவரான அருள்புரம் பனியன் கம்பெனி முதலாளி திருமூர்த்தி, தன் புதுக் காரின் பானட்டைத் திறந்து கம்பீரமாகக் குனிந்தார். மூக்குக் கண்ணாடி எஞ்சின் சந்துக்குள் விழுந்துவிட்டது.

மெக்கானிக் ஆரோக்கியராஜ் அதை இடுக்கியால் எடுத்துக் கொடுத்தார்.

"கேன் எங்கீங்க?" என்றார் திருமூர்த்தி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு.

"கை வச்சிருக்கீங்களே சார், அதுதான். நீலக் கலர்."

அது ஆயில் கேட்ச் கேன். எஞ்சின் விடுகிற மூச்சில் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்து வருமாம். அது திரும்ப எஞ்சினுக்குள்ளேயே போய் அடைத்துக்கொள்ளாமல், வழியில் மடக்கிப் பிடிக்கிற டப்பா. கார் கம்பெனிக்காரன் இதைக் கொடுப்பதில்லை. நாம்தான் வெளியே வாங்கி மாட்ட வேண்டும். எதை வாங்குவது என்பதில்தான் ஒரு மனிதனின் தரம் தெரியும் என்று, வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளியதில் திருமூர்த்திக்கு ஞானம் பிறந்திருந்தது.

மூடியைத் திருகினார். உள்ளே கழுவித் துடைத்த டம்ளர் மாதிரி இருந்தது.

"ஒரு வாரம் ஓடியிருக்குது. ஒரு சொட்டுக்கூடப் பிடிக்கலீங்களே?"

"புது எஞ்சின் சார். அது விட்டாத்தான இது பிடிக்கும்? இந்த வண்டிக்குக் கேனே தேவையில்ல."

"வேணுமா வேண்டாமான்னு நான் கேக்கலீங்க. கேன் சரியில்லை. ரிஜெக்ட்!"

பின்னால் நின்ற டிரைவர் முனீஸ் பெருமூச்சு விட்டான். அன்று ஞாயிற்றுக்கிழமை. "மொதலாளி, எங்க ஊர்ல கோயில் கொடைத் திருவிழா வருது. நாலு நாள் லீவு..."

"கேன் பாஸ் ஆகட்டும். அப்புறம் போலாம்."

திருமூர்த்தி இவ்வளவு பாடுபட்டது காருக்காக அல்ல, மச்சானுக்காக. மனைவியின் அண்ணன் தரணீதரன், வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குப் பனியன் வாங்கி அனுப்பும் பையிங் ஆபீஸ் வைத்திருந்தார். அவர் அனுப்புகிற இன்ஸ்பெக்டர் பாஸ் போட்டால்தான் திருமூர்த்தியின் பனியன் கப்பல் ஏறும். குளிர்கால ஆர்டரை யாருக்குக் கொடுப்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. போதாக்குறைக்கு, போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "மாப்பிள்ளை தங்கமான ஆளுங்க. தரம் பாக்கத்தான் வராது," என்று பாயசம் ஊற்றியவரிடம் சொல்லியிருந்தார்.

இரண்டாவது கேன் கோயமுத்தூரிலிருந்து வந்தது. சிவப்பு நிறம், உள்ளே இரட்டை வடிகட்டி, பக்கவாட்டில் கண்ணாடி. ஒரு வாரம் ஓட்டிவிட்டு அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்ததில், உள்ளே ஒன்றுமில்லை என்பது மூடியைத் திறக்காமலேயே தெரிந்தது.

"ரிஜெக்ட்!"

மூன்றாவதை அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறையில் சொல்லிச் செய்தார். எவர்சில்வர் உடம்பு, பித்தளை மூடி, உள்ளே பாத்திரம் தேய்க்கிற கம்பி நார். பட்டறைக்காரர் பழக்கதோஷத்தில் தூக்கிப் பிடிக்கக் கைப்பிடியும் வைத்துவிட்டார். அதை மாட்டியபின் பானட் மூடவில்லை. கயிறு போட்டுக் கட்டி, பல்லடம் ரோட்டில் ஒரு வாரம் ஓட்டினார்கள். சிக்னலில் நின்ற ஒருவர், "ஏனுங்க, பால் ஊத்தறீங்களா?" என்று கேட்டார்.

அந்த வாரம் முடிந்த ஞாயிறு ஆரோக்கியராஜின் பட்டறையில் மூடி திறந்தது. உள்ளே கன்னங்கரேலென்று எண்ணெய், தளும்பத் தளும்ப!

"பிடிச்சிருச்சு!" திருமூர்த்தி துள்ளினார். விரலால் தொட்டு முகர்ந்தார். "பெட்ரோல் வாசம். சுத்தமான பெட்ரோல் வாசம்! முனீஸு, நாளைக்கே ஊருக்குப் போடா!"

ஆரோக்கியராஜும் குனிந்து முகர்ந்தார். முனீசைப் பார்த்தார். முனீஸ் மேற்கூரையைப் பார்த்தான்.

அரைமணி நேரத்தில் மச்சான் வரவழைக்கப்பட்டார். தரணீதரன் கேனைச் சுற்றி வந்து நிதானமாகப் பார்த்தார்.

"கேன் அருமையான கேனுங்க மாப்பிள்ளை."

திருமூர்த்தியின் நெஞ்சு விரிந்தது.

"எஞ்சின்தான் போயிருச்சாட்டம் இருக்குது. இதே வண்டி என்கிட்டயும் இருக்குதுங்களே, ஒரு பொட்டு எண்ணெய் வெளிய வந்ததில்லை. வாங்கறப்ப பாத்து வாங்கறதில்லீங்களா?"

விரிந்த நெஞ்சு சுருங்கியது. "ஆரோக்கியராஜு, எஞ்சினைப் பிரிங்க!"

"வேணாம் சார். எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு. பிரிச்சா வாரண்டி போயிரும்."

"எஞ்சின் நல்லா இருந்தா எண்ணெய் எங்கிருந்துங்க வருது? அப்ப ஓட்டறவன்தான் சரியில்லை." திருமூர்த்தி டிரைவர் பக்கம் திரும்பினார். "மிதி மிதின்னு மிதிச்சு வண்டியக் கெடுத்துப்போட்டயேடா! சாவியக் கொடு. இனி வேலைக்கு வர வேண்டாண்டா!"

முனீஸ் சாவியை நீட்டினான். ஆரோக்கியராஜுக்குப் பொறுக்கவில்லை. கேனைக் கழற்றி, ஒரு பனியன் துணியில் எண்ணெயை வடிகட்டினார். துணியில் கறுப்பாக ஏதோ சுருண்டு நின்றது.

"பாத்தீங்களா மச்சான், கார்பன்!" என்றார் திருமூர்த்தி.

"வெங்காயம் சார்," என்றார் ஆரோக்கியராஜ்.

திருமூர்த்தி துணியை வாங்கி மறுபடி முகர்ந்து பார்த்தார்.

"நாந்தான் ஊத்துனேன் மொதலாளி," என்றான் முனீஸ். "நம்ம கேன்டீன்ல பஜ்ஜி சுட்டு மிஞ்சுன எண்ணெய். கேன் காலியா இருந்தா நீங்க விடமாட்டேங்கீக. மாத்திக்கிட்டே இருக்கீக. நான் எப்பத்தான் ஊருக்குப் போக?"

தரணீதரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணீரைத் துடைத்தபடி கேட்டார்: "பலே ஆளுதான் கண்ணு நீ! இந்த ரோசனைய உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தாங்க?"

"மொதலாளிதான் சார்," என்றான் முனீஸ். "உங்க ஆபீஸ்ல இருந்து இன்ஸ்பெக்‌ஷன் வாரப்பெல்லாம் மொதப் பெட்டியில ரெண்டு ஓட்ட விழுந்த பனியன நாங்களே வச்சிருவோம். கையில ஒண்ணுமே சிக்கலைன்னா, இன்ஸ்பெக்டரு மத்த பெட்டியெல்லாம் பிரிச்சிருவாருல்ல."