எட்டுக் குச்சிகளும் ஒரு பரிசமும்

டொக். டொக். டொக்.

பக்கத்து வீட்டில் கொட்டகைக்கு முளை அடிக்கிறார்கள். கல்யாணமோ, பூப்புனித நீராட்டோ, நான் கேட்கவில்லை. ஈர மண்ணில் கட்டை இறங்கும் அந்தச் சத்தம் பதுளை டவுனின் பஸ் இரைச்சலையெல்லாம் தாண்டி வந்து நேரே என் காதில் இறங்குகிறது. கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைக்கிறேன். வைக்கிற விதத்திலேயே என் மகளுக்கு விளங்கிவிடும்.

"அம்மா, டீவிய போர்வையில கட்டவா? இல்ல கேஸ் சிலிண்டர மொதல்ல தூக்கவா?"

உள் அறையிலிருந்து என் கணவர் குரல் கொடுப்பார்: "கோழிய மறந்துறாத!"

(எங்கள் வீட்டில் கோழி கிடையாது. எங்கே கட்டை அடித்தாலும் அப்பனும் மகளும் இந்த நாடகத்தைப் போடுவார்கள். வருடக்கணக்காக ஓடுகிறது, சலிக்கவே இல்லை, அவர்களுக்கு.)

சரி, நானே சொல்லிவிடுகிறேன். எட்டுக் கொய்யாக் குச்சி, ஒரு பந்து சிவப்புக் கம்பளி நூல், ஒரு அட்டைப் பலகை. இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு தேயிலைத் தோட்டத்தின் முழு லயத்தை, பன்னிரண்டு வீட்டு வரிசையை, காலி செய்தவள் நான். காற்றுமில்லை, வெள்ளமுமில்லை. உற்சாகம் கூடிப்போன ஒரு டீச்சர் போதும்.

அப்போது தெமோதரை ஸ்டேஷனுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் தரம் ஏழுக்கு விஞ்ஞானம் படிப்பித்தேன். விஞ்ஞானம் சம்பளத்துக்கு, ஆசைக்குக் கவிதை. பனி இறங்கினால் கவிதை, பனி ஏறினால் கவிதை, பனியே இல்லாவிட்டால் அதன் பிரிவைப் பற்றிக் கவிதை. அந்தக் காலத்தில் என்னோடு ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்தவர்கள் அடுத்த பஸ்ஸில் தனியாகப் போக விரும்பினார்கள்.

அந்த நிலையில்தான் என்னைப் பதுளையில் மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வகுப்பறைக்கு வெளியே சுற்றாடலைக் கற்பிப்பது எப்படி என்று பயிற்சி. நடத்தியவர் மெலிந்த மனிதர், காற்சட்டையில் எப்போதும் நாலு புல் ஒட்டியிருக்கும். அவர் சொன்னதெல்லாம் தங்கம். இன்றைக்கும் நான் செய்கிறேன். கண்ணை மூடி ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கேட்கிற சத்தங்களைத் தாளில் வரைவது. சோடாப் போத்தலை வெட்டி மழை அளப்பது. போத்தலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்து, மணல் முதலில் இறங்க, களி சோம்பலாய்ப் பின்னால் இறங்குவதைப் பார்ப்பது. ஒரு முழச் சதுரத்துக்கு நூல் கட்டி அதற்குள் எத்தனை உயிர் என்று எண்ணுவது.

மூன்றாம் நாள் கடைசியில் அவர் இன்னொன்றும் சொன்னாராம். "எங்க போய்ச் செய்யப் போறீங்களோ, அந்த எடத்து ஆக்களோட மொதல்ல பேசுங்க." இதை என் பக்கத்தில் இருந்த டீச்சர் பிற்பாடு சொல்லித்தான் அறிந்தேன். என் குறிப்பேட்டில் அந்த இடத்தில் ஜன்னல் பனியைப் பற்றி நாலு வரி இருக்கிறது. அதில் இரண்டு வரி பரவாயில்லை.

திரும்பி வந்த முதல் வாரம் அமோகம். சத்தப் படத்தில் பிள்ளைகள் ஒரே ரயிலை இரண்டு இடத்தில் வரைந்தார்கள், மேலே ஒருமுறை, மலையைச் சுற்றி வந்து கீழே ஒருமுறை. தர்ஷினி என்ற சுட்டிப் பெண், தாளின் பாதியை அடைத்து ஒரு பெரிய வாய் வரைந்திருந்தாள்.

"இது என்னம்மா?"

"கங்காணி, டீச்சர். மலையில ஏசுறாரு. வேற ஒண்ணுமே கேக்கல."

எனக்குத் தலை கால் புரியவில்லை. அடுத்தது மண் அரிப்பு. சரிவில் குச்சிகளை வரிசையாக அடித்து, மண் மட்டத்தில் ஒரு கோடு போட்டு, நூல் கட்டிவிட வேண்டும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் போய்ப் பார்த்தால் கோட்டுக்குக் கீழே எவ்வளவு குச்சி வெளியே தெரிகிறதோ அவ்வளவு மண் போயிருக்கிறது. எளிமை, அழகு. அதற்கு மொட்டைச் சரிவு வேண்டும். மேட்டு லயத்துக்குப் பின்னால் ஒன்று இருந்தது. சனிக்கிழமை பகல், பெரியவர்கள் எல்லோரும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போயிருந்த நேரம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் எட்டுக் குச்சியையும் அடித்தேன். டொக், டொக், டொக்.

அதோடு நின்றிருக்கலாம். ஒரு பலகையும் வைத்தேன். 'மண் அரிப்பு ஆய்வு' என்று இரண்டு சொல்லில் எழுத என் கை வளையவில்லை. சிவப்பு மையில், என் அழகான கையெழுத்தில், எழுதினேன்:

'ஒவ்வொரு மழையிலும் இந்த மலை கொஞ்சம் கொஞ்சமாய் நம்மை நோக்கி இறங்கி வருகிறது. குச்சிகளைத் தொடாதீர்கள்.'

எழுதிவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று ரசித்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முந்தின மழைக்காலத்தில் பக்கத்துத் தோட்டத்து மலையில் நிலம் வெடித்திருந்தது. அதிகாரிகள் வந்து வெடிப்பின் இரண்டு பக்கமும் குச்சி அடித்து, நூல் கட்டி, "இடைவெளி கூடினா சாமான பாக்காம ஓடிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். குச்சியும் நூலும் என்றால் என்னவென்று அந்தப் பக்கத்தில் நடை பழகும் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் குச்சிகள் என் மண்டையில் ஓர் அறையில் இருந்தன, என் குச்சிகள் இன்னோர் அறையில். இரண்டுக்கும் நடுவில் கதவே இல்லை.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். மறுநாள் ஞாயிறு, அதே லயத்தில் தர்ஷினியின் அக்கா சுமதிக்குப் பரிசம். மாப்பிள்ளை வீட்டார் ஹல்துமுல்லையிலிருந்து வேனில் வருகிறார்கள். தாய் மகேஸ்வரி அக்கா, புருஷன் போன பிறகு கொழுந்தெடுத்தே இரண்டு பெண்களையும் வளர்த்தவர், என்னை நேரில் வந்து அழைத்திருந்தார். (வருகிற விருந்தாளிகள் பலகையை வாசித்து, 'யார் இந்த டீச்சர்?' என்று கேட்பார்கள் என்றுகூட நினைத்தேன். கேட்டார்கள்.)

சனி மாலை மழை பிடித்தது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, பச்சைப் பட்டும் குடையுமாக, பரிசுப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மேட்டு லயத்துக்கு ஏறினேன். ஆளில்லை. பன்னிரண்டு காம்பராவும் பூட்டு. இஸ்தோப்புத் திண்ணையில் பாதி கட்டின மாவிலைத் தோரணம் கிடந்தது. வாசலில் கோலம் இரண்டு இழையோடு நின்றுபோயிருந்தது. ஒரு நாய் மட்டும் என் பட்டுச்சேலையை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது.

கீழே பாடசாலையில் சத்தம் கேட்டது. ஓடினேன்.

என் வகுப்பறைக்குள் லயமே உட்கார்ந்திருந்தது. போர்வையில் கட்டிய டீவிகள், கேஸ் சிலிண்டர், மேசைக்கடியில் காலைக் கட்டிய கோழிகள், சாமிப் படங்கள். பாயாசக் குண்டானை யாரோ அடுப்பிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து, பிள்ளைகள் உட்காரும் வாங்கின் மேல் வைத்திருந்தார்கள். மூலையில் சுமதி, தர்ஷினியின் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு. பரிசச் சேலை அதற்குள் இருந்தது.

மகேஸ்வரி அக்கா எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நல்ல வேள டீச்சர், நீங்க பாத்தீங்க. நீங்க இல்லாட்டி நாங்க மண்ணோட மண்ணா போயிருப்போம்."

"அக்கா, அது வந்து... பிள்ளைகள் சொல்லலையா? பாடத்துக்குத்தான்..."

"சொன்னாளே! காலையில பலகைய வாசிச்சுட்டு கேட்டோம், டீச்சர்தான் அடிச்சாங்கன்னு தர்ஷினி சொன்னா. அப்பத்தான் எங்களுக்கு வெளங்கிச்சு. பதுளைக்கு மூணு நாளு கூப்பிட்டு, வெசயத்த சொல்லி அனுப்பியிருக்காங்க. வந்த ஒடனே நீங்க குச்சி அடிக்கிறீங்க. ஆபிஸ்காரன் அடிச்சாலாச்சும் யோசிச்சிருப்போம். நம்ம டீச்சர் பொய் சொல்லுவாங்களா?"

பின்னாலிருந்து ஒருவர்: "மனசு கேக்காமதான் பிள்ளைங்கள வச்சு நைசா சொல்லியிருக்காங்க. பொம்பள மனசு."

யாரோ எனக்குக் கதிரை போட்டார்கள். யாரோ தேத்தண்ணி தந்தார்கள். என் வாயில் உண்மை இருந்தது, அதன் மேல் தேத்தண்ணியைக் குடித்தேன். அந்த நேரத்தில் ஒரே ஒரு வரி, கவிதை இல்லாத ஒரு வரி, சொல்லியிருந்தால் போதும். 'மலை இறங்கவில்லை, வீட்டுக்குப் போங்கள்.' போயிருப்பார்கள். சிரித்திருப்பார்கள், இரண்டு ஏச்சு ஏசியிருப்பார்கள். கோலத்தை முடித்து, தோரணத்தைக் கட்டி, விளக்கேற்றி நின்றிருப்பார்கள். வேன் ஒரு வீட்டு வாசலுக்கு வந்திருக்கும்.

நான் சொல்லவில்லை. எல்லோரும் கும்பிடுகிற இடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லாதவள். எழுந்திருக்க மனம் வரவில்லை. ஒரு மணி நேரம். கடிகாரம் என் தலைக்கு மேலேயே இருந்தது.

வேன் பத்தரைக்கு வந்தது. தட்டுகளை என் மேசையில்தான் அடுக்கினார்கள்: வெற்றிலை, பழம், தேங்காய், பூ, சேலை. பின்னால் கரும்பலகையில் என் எழுத்து: 'மண்: ஓர் அறிமுகம்'. மண் என்றால் என்னவென்று அந்தப் பக்கத்து ஆட்களுக்கு யாரும் அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. மாப்பிள்ளையின் தாயார் அதை வாசித்தார். மூட்டைகளைப் பார்த்தார். மாப்பிள்ளையின் தாய்மாமன் கேட்டார்:

"யாருங்க சொன்னது மலை இறங்குதுன்னு?"

ஒரு வகுப்பறை நிறைய விரல்கள் என் பக்கம் திரும்பின.

இனி வழியில்லை என்றானதும் எழுந்தேன். அப்போதாவது சுருக்கமாகச் சொன்னேனா? "மண் அரிப்பு என்பது ஒரு நீண்டகாலச் செயல்முறை" என்று தொடங்கினேன்.

"அதெல்லாம் விடுங்க டீச்சர். இறங்குதா, இல்லையா?"

"இறங்குது. ஆனா... மெதுவா."

"எவ்வளவு மெதுவா?"

"ஒரு மழைக்கு... ஒரு நூல் அளவு இருக்கும்."

"மலை?"

"இல்ல. மேல் மண்."

ஒரு கோழி மட்டும் ஏதோ சொன்னது. பிறகு யாரோ ஒருவர் பொத்துக்கொண்டு சிரித்தார், அது தொற்றி வகுப்பறையே சிரித்தது. மாமன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், தப்பித்தேன் என்று. மகேஸ்வரி அக்கா சிரிக்கவில்லை. அவர் மாப்பிள்ளையின் தாயாரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவும் சிரிக்கவில்லை.

"குத்தமா சொல்லல சம்பந்தி. நல்ல காரியத்துக்கு வந்தா, பொண்ணு வீட்ட விட்டு மூட்டையோட ஒக்காந்திருக்கு. என் மனசுக்கு சகுனம் சரியாப் படல. பொறவு ஒரு நாள் பாப்போம்."

மகேஸ்வரி அக்கா அவரை 'ஒரு வாய் பாயாசமாச்சும்' என்று கேட்டார். குடித்தார்கள். பாயாசம் அடிப்பிடித்திருந்தது. தட்டுகள் ஒவ்வொன்றாக என் மேசையை விட்டுத் திரும்பப் போயின. வேனில் ஏறுமுன் மாப்பிள்ளைப் பையன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். சுமதியும் பார்த்தாள். அதை நானும் பார்த்தேன்.

பிறகு ஒரு நாள் வரவே இல்லை.

திங்கட்கிழமை குச்சிகளைப் பிடுங்கப் போனேன். மன்னிப்புக் கேட்க ஒரு முழுப் பேச்சுத் தயாரித்திருந்தேன், நல்ல உவமைகளோடு. மகேஸ்வரி அக்கா கொழுந்துக் கூடையோடு பின்னால் வந்து நின்றார்.

"புடுங்காதீங்க. நட்டது நட்டதா இருக்கட்டும். எவ்வளவு இறங்குதுன்னு பாக்கணும்ல."

பார்த்தார். ஒவ்வொரு மழைக்குப் பிறகும். பிள்ளைகள் மறந்த நாளிலும் அவர் மறக்கவில்லை. "மூணாம் நம்பர் குச்சி வெரக்கட அளவு வெளிய வந்திருச்சு டீச்சர்" என்று பாடசாலை வேலிக்கு வந்து சொல்லிவிட்டுப் போவார். அடுத்த வருடம் லயத்துப் பெண்கள் சேர்ந்து அந்தச் சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்தும் மானாப்புல் நட்டார்கள். என் பாடத்தைப் படித்து முடித்தவர் அவர் ஒருவர்தான். அதற்கு அவர் கட்டின விலையை நினைத்தால் அந்தப் புல்லைப் பார்க்கவே எனக்குக் கூசும்.

சுமதி பிறகு பண்டாரவளையில் வாழ்க்கைப்பட்டாள், சுகமாக இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். பெருமழை என்றால் எனக்குக் கோல் எடுப்பாள்: "டீச்சர், மலை எங்க வருது? ஸ்டேஷன தாண்டிருச்சா?" சிரிப்போம். இன்று இளம் ஆசிரியர்கள் வந்து, வெளியில் செய்ய என்ன இருக்கிறது என்று கேட்டால் மழைப் போத்தல், சத்தப் படம், நூல் சதுரம் எல்லாம் சொல்கிறேன். குச்சியையும் சொல்கிறேன். அதை ஏன் கடைசியில், குரலைத் தாழ்த்திச் சொல்கிறேன் என்று அவர்களுக்கு விளங்குவதில்லை.

எனக்குப் பதுளைக்கு மாற்றம் வந்த நாளில் மகேஸ்வரி அக்கா வேலைக்குப் போகாமல் தெமோதரை பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தார். என் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். இடைப்பட்ட இரண்டு வருடமும் அந்த ஞாயிறைப் பற்றி அவர் என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை. மன்னிப்புப் பேச்சு இன்னும் என் தொண்டையிலேயே இருந்தது, உவமைகளெல்லாம் உதிர்ந்துபோய். "அக்கா, அன்னைக்கு நான்..." என்றேன். பஸ் உறுமியது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் முகத்துக்கு நேரே வந்தார்.

"போற எடத்துலயும் குச்சி நடுங்க டீச்சர், வேணாங்கல. நட முந்தி, அந்த வீட்டுல நாளைக்கு என்ன விசேசம்னு ஒரு வார்த்த கேட்டுருங்க."