திறப்பு விழா இல்லாத வெளிச்சம்

குச்சவெளிக்கு வடக்கே ஒரு மீனவர் சங்கம் மெல்ரோயை ஏகமனதாகத் தலைவராகத் தெரிவுசெய்தது. களப்பு கடலோடு சேரும் வாயிலில் இருக்கிற பாறையில் வள்ளங்கள் இருட்டில் முட்டிக்கொள்ளும். அங்கே விளக்குப் போடுவேன் என்று அவர் சொன்னார். சனம் நம்பியது.

பதவியேற்ற வாரமே அடிக்கல் நாட்டு விழா நடந்தது. பாண்ட் வாத்தியம், தலைக்கு மேலே ட்ரோன், ஆளுக்கொரு பிரியாணிப் பார்சல். கம்பம் வந்ததும் கம்பம் திறப்பு விழா. பெயின்ட் பூசியதும் நிறமூட்டல் வைபவம். ஒவ்வொன்றிலும் தலைவர் நாடா வெட்டினார், சனம் பார்சல் வாங்கியது. பல்பு மட்டும் எரியவில்லை.

ஒருநாள் இன்பமலரின் புருஷனுடைய வள்ளம் பாறையில் ஏறிப் பிளந்தது. ஆள் தப்பினார், வலை போய்விட்டது. இன்பமலர் சங்கத்துக்கு வந்தாள்.

"தலைவர், கம்பம் நிக்குது. வெளிச்சம் எங்கே?"

"பல்பு அலுமாரிக்குள்ள பத்திரமா இருக்கு, தங்கச்சி."

"அலுமாரிக்கு என்னத்துக்கு வெளிச்சம்?"

"பிரதம விருந்தினர் இன்னும் திகதி தரேல்லை. அவர் வராமல் எரிஞ்சா அது முறையான வெளிச்சம் இல்லை."

"அது பாறைக்குத் தெரியாதே."

மெல்ரோய் ஆழ்ந்து யோசித்தார். "ஓம், பாறைக்கும் ஒரு அறிவித்தல் பலகை திறந்து வைப்பம்."

தலைவரை நீக்கவேண்டும் என்று இன்பமலர் வீடு வீடாகப் போய்க் கையொப்பம் வாங்கினாள். பார்சல் ஒன்றையும் தவறவிடாதவர்கள்தான் முந்திக்கொண்டு கையொப்பம் வைத்தார்கள். விசேட பொதுக்கூட்டத்தில் தலைவருக்கு ஆதரவாக இரண்டு கைகள் உயர்ந்தன. இரண்டும் அவருடையவை என்பதால் ஒன்று செல்லாது என அறிவிக்கப்பட்டது.

மெல்ரோய் கவலைப்படவில்லை. "அங்கத்தவர்கள் வாக்குப் போட்டு நீக்கின முதல் தலைவர் இந்தக் கரையில நான்தான்" என்று பேஸ்புக்கில் போட்டார். வாசலில் நாடா கட்டி, தானே வெட்டிக்கொண்டு வெளியே போனார்.

புதுத் தலைவர் அபூதாஹிர் அதிகம் பேசாத மனிதர். அடுத்த நாளே பல்பை எடுத்தார், கம்பத்தில் ஏறிப் பூட்டினார், இறங்கித் தேத்தண்ணி குடிக்கப் போனார். அதற்குப் பிறகு எந்த வள்ளமும் பாறையில் முட்டவில்லை.

கொஞ்ச நாளில் சங்க வாசலில் கூட்டம் கூடியது. முன்னுக்கு இன்பமலர் நின்றாள்.

"என்ன, பல்பு போயிட்டுதோ?" என்று கேட்டார் அபூதாஹிர்.

"இல்லை, நல்லா எரியுது. ஆனா எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் எரிய விட்டிட்டீங்கள். படம் இல்லை, பார்சல் இல்லை. விழாவுக்கெண்டு நான் சாறி எல்லாம் எடுத்து வச்சனான்."

"இப்ப நான் என்ன செய்யவேணும்?"

"கழட்டுங்கோ. ஒரு நல்ல நாள் பார்த்து முறையாத் திறப்பம்."

"ஏலாது," என்றார் அபூதாஹிர்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் அவரும் வாக்கெடுப்பில் நீக்கப்பட்டார். முதல் ஆளாகக் கை தூக்கியவர் இன்பமலரின் புருஷன். அன்று விடியமுன் அந்த விளக்கைப் பார்த்துத்தான் அவர் வள்ளத்தைக் கரைக்குக் கொண்டுவந்திருந்தார்.