வலது கையால் இடிந்த ஜெபக்கூடம்

கிட்ட வந்து உட்காருங்க. தூரத்தில் இருந்து கேட்டால் இது பொய் மாதிரி இருக்கும்.

அமெரிக்காவின் யூட்டாவில், எங்கள் கெட்டில் க்ரீக் ஊரில் ஒரு கல் ஜெபக்கூடம் இருந்தது. கைவண்டி இழுத்துப் பாலைவெளி தாண்டி வந்த மார்மன் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த எங்கள் முன்னோர்கள், தங்களுக்கு வீடு கட்டும் முன்னே அதைக் கட்டினார்கள். சபை புதுக் கட்டடத்துக்குப் போனபின், பழசு ஊர்மன்றத்துப் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவின் கைக்கு வந்தது. அன்றைக்கே அதற்குச் சனி பிடித்தது.

அங்கே வெகுகாலம் ஆர்கன் வாசித்தவள் தர்ஸா லண்ட்கிஸ்ட். செத்தால் அந்தக் கூடத்திலிருந்துதான் தன்னைத் தூக்கவேண்டும் என்பது அவள் ஒரே ஆசை. கூரையோ ஒழுகியது. குழுத் தலைவர் ஆர்வல் டட்டிலிடம் போனாள்.

"சகோதரர் டட்டில், கூரைக்கு நாலு தகடு போட்டாப் போதும்."

"போடலாம் சகோதரி. பாரம்பரியச் சான்று இருந்தாத்தான் பழுது பார்க்க முடியும்."

"அதைக் கொடுங்களேன்."

"ஒழுகுற கட்டடம் ஆபத்தான கட்டடம். ஆபத்தானதுக்குச் சான்று கொடுக்க விதியில்லை."

"அந்த ஆபத்தை எப்படிப் போக்குறது?"

"இடிச்சுட்டாப் போயிடும்," என்றார், கஷாயம் சொல்லும் வைத்தியர் மாதிரி.

கூட்டம் கூடியது. 'சம்மதிப்பவர்கள் வலது கையை உயர்த்துங்கள்' என்று யார் சொன்னாலும் எங்கள் ஊரில் கை தானாக மேலே போகும். ஞாயிறுதோறும் சபையில் தூக்கித் தூக்கி வந்த பழக்கம். 'எதிர்ப்பவர்கள்?' என்றும் கேட்பார்கள். பதிலுக்குக் காத்திருந்தது கிடையாது.

"மேற்படி கட்டடத்தை நிரந்தரமாகப் பாதுகாக்கும் பொருட்டு இடித்தல்," என்று டட்டில் வாசித்தார். எல்லாக் கையும் எழும்பியது. தர்ஸா சுற்றிலும் பார்த்து வயிறெரிந்தாள். அப்புறம்தான் அண்ணாந்து பார்த்தாள். அவள் கையும் மேலேதான் இருந்தது.

இடித்தார்கள். ஆபத்து நீங்கியபடியால் சான்றும் வந்தது. வெற்று மனையில் பித்தளைப் பலகை நட்டார்கள்: 'பாதுகாக்கப்பட்ட கட்டடம். சுவரில் சாயாதீர்.'

வீட்டில் பழைய மரம் வைப்பதுதான் அப்போதைய நாகரிகம். ஊரே வண்டி கட்டிக்கொண்டு வந்து இடித்த கூடத்தின் கல்லையும் மரத்தையும் அள்ளியது. காப்பி கூடாது என்பது சபை விதி; அது வாயிலேயே படாத ஊரில் வீட்டுக்கு வீடு காப்பி மேசை! டட்டில் வீட்டு மேசை பிரசங்க மேடைப் பலகையில் செய்தது.

ஜூலை இருபத்துநாலு, முன்னோர் திருநாள் விருந்து. பச்சை ஜெல்லியும், பாலாடைக்கட்டி போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கும் வரிசையாக இருந்தன. முடிவு ஜெபம் சொல்லத் தர்ஸாவை அழைத்தார்கள்.

"அதுக்கு முன்னால முன்னோர் பேரால ஒரு சின்னத் தீர்மானம்," என்று எழுந்தாள். சபைக்கே உரிய அந்தத் தாலாட்டுக் குரலில், "அவங்கவங்க எடுத்துட்டுப் போன கல்லு, பலகை எல்லாத்தையும் சனிக்கிழமைக்குள்ள மனையில சேர்த்து, கூடத்தை நம்ம கையாலயே மறுபடி கட்டச் சம்மதிக்கிறவங்க வலது கையை உயர்த்துங்க," என்றாள்.

எல்லாக் கையும் எழும்பியது. டட்டிலின் கை கரண்டியோடு எழும்பியது.

"எதிர்ப்பவர்கள்?" என்றவள் மூச்சு விடாமல் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கிவிட்டாள். ஜெபத்தின் நடுவே யார் வாய் திறப்பது? கடைசியில் "ஆமென்" என்றாள். ஊரே "ஆமென்" என்றது.

அப்போதுதான் டட்டிலுக்கு உறைத்தது. "ஐயோ சகோதரி, என் காப்பி மேசை!"

"ஏன் சகோதரர், நீங்க காப்பி குடிக்கிறீங்களா?"

பின்னாலிருந்து ஒரு குரல் முணுமுணுத்தது: "இந்தம்மா மட்டும் ஒண்ணும் எடுக்கலையாக்கும்!"

தர்ஸா கைப்பையைத் திறந்தாள். தன் வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க இத்தனை நாள் முட்டுக் கொடுத்திருந்த ஜெபக்கூடத்து வாசற்கல் துண்டை எடுத்து, பச்சை ஜெல்லிக்குப் பக்கத்தில் தொம்மென்று வைத்தாள்.